புயிக்குப் பதிலாக வைத்த செடி

குட்டை வேலிக்குச் செடி தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம், தம்பி. மாப்பிள்ளை சரியில்லை என்றால் பழகிக்கொள்ளலாம். நான் பழகிக்கொண்டேன், அவர் போய்ச் சேரும்வரை. செடி சரியில்லை என்றால் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆகவே நான் அவசரப்படவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏதோ கோபத்தில் செய்துவிட்டேன் என்று பிறகு யாராவது பரிதாபப்பட்டுப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் வேண்டாம்.

நீங்கள் கடலோரத் தெற்குக்காரர், பேச்சிலேயே தெரிகிறது. உங்கள் பக்கம் குருத்தோலை ஞாயிறுக்கு ஒலிவக் கிளை கொண்டுபோவீர்கள். இங்கே பர்கண்டியில் ஒலிவம் பிழைக்காது. எங்களுக்குப் புயிதான். சின்னச் சின்ன உருண்டை இலை, பளபளக்கும் பச்சை. வெட்ட வெட்ட அடர்ந்து, முழங்கால் உயரத்தில் சொன்னபடி நிற்கும். அதில் ஒரு கிளையைக் கோயிலில் மந்திரித்து வாங்கிவந்து சிலுவைக்குப் பின்னால் செருகுவார்கள், கல்லறையில் வைப்பார்கள். மாடோ குதிரையோ இருக்கிற வீடானால் லாயத்திலும் ஒன்று கட்டுவார்கள். இடி விழாதாம், நோய் அண்டாதாம். நான் இந்த ஊரில் மருந்துக்கடை நடத்தியவள். அப்படி நம்புகிறவர்களுக்கும் முகம் மாறாமல் மருந்து கொடுத்துப் பழகியிருக்கிறேன்.

இந்த ஊர் ஜனங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மருந்து சரியில்லை என்று வந்து நிற்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் நாக்கை நீட்டுவார்கள், நான் ஏதோ கால்நடை வைத்தியர் மாதிரி. சொன்னதைச் செய்கிற ஒருவரை நான் கடையில் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா வைத்துவிட்டுப் போன புயித் தோட்டம் இருந்தது. நான்கு பாத்தி, நான்கையும் சுற்றிக் குட்டை வேலி, மூலைக்கொரு உருண்டை, வாசல் கேட்டிலிருந்து படிவரை இரண்டு பக்கமும் வரிசை. எங்கே வெட்டினேனோ அங்கே நின்றது. அதை நான் நேசித்தேன். வேறு எதையும் அப்படி நேசித்ததாக நினைவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை ஊரே என் வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுப் புயி நல்ல புயி என்று பெயர். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மறுத்தால் அகம்பாவம் பிடித்தவள் என்பார்கள். ஆளுக்கொரு கத்தரி கொண்டுவருவார்கள். அந்தக் கத்தரியால் அதற்கு முன்னால் எதை வெட்டினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். புயிக்குக் கருகல் நோய் வந்துகொண்டிருந்த காலம் அது. கேட்டருகே ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட்டும் ஒரு துணியும் வைத்து, கத்தரியைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள் என்று சொன்னேன். சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் ஃபெரியோல்.

அவரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. எதிர்வீடு. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஊரில் இன்னும் குதிரை வைத்திருந்த ஒரே ஆள். மார்கீஸ் என்று ஒரு பெண்குதிரை, வண்டி இழுக்கிற கனத்த ஜாதி. வைக்கோல் கட்டுக் கயிற்றை அறுக்கிற அதே கத்தரியோடு வந்து நின்று கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்.

"என்ன மருந்துக்கடைக்காரம்மா, செடிக்கு ஊசி போடப்போறீங்களா? சட்டையைக் கழட்டச் சொல்லுங்க அதை."

எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியார்கூடச் சிரித்தார். பல ஊர்க் கோயில்களை ஒருவராகச் சமாளிக்கிற சின்ன வயசு மனுஷன். சிரிக்க நேரம் கிடைத்ததே பெரிது என்று சிரித்திருப்பார். ஃபெரியோல் துடைக்காமல் கேட்டருகே இரண்டு கிளை வெட்டிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் விடாமல் மழை. மழை நின்றபோது நோய் வந்திருந்தது. இலையில் பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, பிறகு இலையெல்லாம் கொட்டி விறகுக் குச்சி. முதலில் தெரிந்தது கிணற்று மூலையில். அங்கே முந்தைய குளிரில் இரண்டு செடி பட்டுப்போய், சந்தையில் இரண்டு தொட்டிச் செடி வாங்கி நட்டிருந்தேன். அங்கிருந்து வேலி வழியாக நகர்ந்து கடைசியாகக் கேட்டுக்கு வந்தது. வெட்டிப் பார்த்தேன். மருந்தடித்துப் பார்த்தேன். உதிர்ந்த இலையை மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினேன். புயி எரிந்தால் ஒரு புளித்த நெடி வரும். அது பல நாள் திரைச்சீலையில் இருந்தது.

ஃபெரியோல் தெருவைத் தாண்டி வந்து நெருப்பின் பக்கத்தில் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டு நின்றார். உங்கள் கத்தரிதான் இதைக் கொண்டுவந்தது என்று அவரிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் என்னைப் பார்த்த விதத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"விடுங்கம்மா. செடிதானே? ஒண்ணு போனா இன்னொண்ணு வச்சுக்கலாம்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். மருந்துக்கடையில் நின்றவளுக்குக் கோபம் கட்டுப்படியாகாது. அவரைப் பற்றி நான் நினைத்தது சரி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சரி, இன்னொன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பது? உங்கள் கேள்வி அதுதான், அதற்கு வருகிறேன். நர்சரிக்காரர் அன்செல்மைக் கூப்பிட்டேன். தோட்டத்தைச் சுற்றிவந்தவர் கிணற்று மூலையில் நின்றுவிட்டார்.

"இந்த ரெண்டும் எங்க வாங்குனீங்க மதாம்? என்கிட்ட வாங்கலையே?"

சந்தையில் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். தன்னிடம் வாங்காத செடியைப் பார்த்தால் எந்த வியாபாரியும் உதட்டைப் பிதுக்குவான். அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

அவர் முதலில் சொன்னது ஜப்பான் ஹாலி. பார்த்தால் புயியே தோற்றுப்போகும், அப்படியொரு சாயல். ஆனால் எங்கள் மண் சுண்ணாம்பு மண். அதில் அது மஞ்சளித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும். பாதிரியாரின் சமையல்காரி மாதிரி, எதைக் கொடுத்தாலும் குறை. அடுத்தது லோனிசெரா. வேகமாக வளரும், அதுதான் அதன் குற்றம். மாதத்துக்கு இருமுறை முடிவெட்டாவிட்டால் தலைவிரி கோலம். மேயரின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள். யுவோனிமஸ் பார்வைக்கு ஒழுங்கு. ஆனால் போகிற வருகிற பூச்சிக்கெல்லாம் விருந்து வைக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொள்ளும். பிட்டோஸ்போரத்தில் பந்து மாதிரி ஒரு குட்டை ரகம் வந்திருக்கிறது. அழகுதான். ஒரு நல்ல உறைபனிக்குத் தாங்காது. உங்கள் ஊருக்குச் சரி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"அப்போ குட்டை ஈஃப் வைங்க," என்றார் அன்செல்ம் கடைசியில்.

ஈஃப் தெரியும்தானே? எங்கள் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் கரும்பச்சை ஊசியிலை மரம். அதில் முழங்காலுக்கு மேல் வளராத ரகமும் உண்டு. சுண்ணாம்பு மண் பிடிக்கும், நிழல் பிடிக்கும், குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் தழையும். கருகல் நோய் கிட்ட வராது. புயிக்குப் பதில் ஒரு செடி என்றால், நியாயமாகப் பார்த்தால் அதுதான். வேறு காரணம் இல்லாமலிருந்தாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். தயவுசெய்து இதை அப்படியே பதிவு செய்யுங்கள்.

அன்செல்ம் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்.

"பக்கத்துல குதிரை ஏதும் இல்லையே? இலையைத் தின்னா அதுக்கு ஆகாது, பட்டுன்னு விழுந்துடும். வேலிக்கு மேல தலையை நீட்டுற மாதிரி இருந்தா வேண்டாம்."

வேலிக்கு மேல் தலை நீட்டும் குதிரை எதுவும் இல்லை என்றேன். அது உண்மை. நடுவில் தெரு இருந்தது.

அந்தக் கேள்வியை அவர் கேட்கும்வரை என் மனதில் ஒன்றும் இல்லை. அவர் போன பிறகு வெற்றுப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பல நாளுக்குப் பிறகு பசி எடுத்தது. உள்ளே போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

செடிகளை நட்டு வேர்பிடிக்க விட்டேன். நன்றாக வந்தன. அதற்குள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் புயி என்று சொல்ல ஒன்று மிச்சமில்லை; எல்லாம் கருகிவிட்டது. இந்த வருடம் குருத்தோலைச் சனிக்கிழமை வந்ததும் பழக்க தோஷத்தில் எல்லோரும் என் கேட்டுக்கே வந்தார்கள். யார் கத்தரியையும் உள்ளே விடவில்லை. நானே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளை கொடுத்தேன். கொத்தனார் மட்டும் இலையைத் தடவிப் பார்த்தார்.

"இது புயி மாதிரி இல்லையே மதாம்?"

"புயிக்குப் பதிலா வச்சது," என்றேன். அதுவும் உண்மை. ஈஃபா என்று கேட்டிருந்தால் ஈஃப் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மறுநாள் பாதிரியார் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். அவர் அவசரத்தில் குடைக்கம்பியை நீட்டியிருந்தாலும் ஆசீர்வதித்திருப்பார்.

ஸெலி இரண்டு கேட்டாள். ஸெலி என்றால் ஃபெரியோலின் மனைவி, நீங்கள் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அந்த அழுகுணி.

"மார்கீஸுக்கும் ஒண்ணு குடுங்க மதாம். அவளும் எங்க வீட்டுப் பொண்ணுதானே. ஃபெரியோலுக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல, அதனால நான்தான் லாயத்துல கட்டணும்."

நல்ல அடர்த்தியான கிளையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வாரம் லாயத்துக்குப் போனபோது பார்த்தேன். என் தோட்டத்துக்கு அங்கிருந்துதான் சாணம். அந்த வீட்டிலிருந்து வந்த உருப்படியான பொருள் அது ஒன்றுதான். வாளியோடு நான் போவதும் வருவதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஸெலி கிளையைக் கதவுநிலைக்கு மேலே, உத்தரத்து ஆணியில் மாட்டியிருந்தாள், முடிச்சுகூடப் போடாமல். குதிரை ஒட்டகமாக இருந்தாலும் எட்டாது. ஃபெரியோல் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், குதிரைக்காரனுக்கு ஈஃப் தெரியாமல் இருக்காது. மனைவியின் பக்தி சமாச்சாரங்களை அவர் பார்ப்பதில்லை. வாரம் முழுக்க மார்கீஸ் கொழுகொழுவென்று புல் தின்றுகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். ஆண்டவர் ஏதாவது செய்வதாக இருந்தால் அவருக்குப் போதுமான அவகாசம் கொடுத்தேன்.

ஈஸ்டர் திங்கட்கிழமை காலை வாளியோடு மறுபடி போனேன். முந்தைய நாள் வேலியை ஒழுங்குபடுத்தியபோது வெட்டிய துணுக்குகள் வாளியில் இருந்தன, மேலே ஒரு கோணிச் சாக்கு. ஃபெரியோல் முற்றத்தில் சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஈஸ்டர் திங்களும் வண்டி கட்டிக்கொண்டு கீழூர்ச் சந்தைக்குப் போவார், ஊருக்கே தெரியும்.

"வாங்கம்மா. அடியில இருக்குறதை எடுத்துக்கங்க, அதுதான் நல்லா மக்குனது. உங்களுக்காகத்தான் கிளறாம வச்சிருக்கேன்."

பிறகு, எண்ணெய்த் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்போ நான் சிரிச்சிருக்கக் கூடாது. உங்கப்பா வச்ச தோட்டம் அது. இப்போ நானும் துடைக்கிறேன், பாத்தீங்களா?"

லாயத்து ஜன்னல் திண்டில் அவருடைய கத்தரி இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பிரிட் புட்டி, மடித்த துணி. புட்டியில் பாதி செலவாகியிருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான் அந்தப் புட்டியைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். நோயாளி செத்த பிறகு மருந்து வாங்க வருகிறவர்களையும் நான் கடையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மருந்தைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் நன்றி என்றேன். அவர் சக்கரத்தைப் பார்க்க வண்டிக் கொட்டகைக்குப் போனார்.

தீவனத் தொட்டியில் ஓட்ஸ் இருந்தது. வாளியில் இருந்ததை அதில் போட்டுக் கையால் கலந்தேன். பிறகு முக்காலியில் ஏறி உத்தரத்திலிருந்து கிளையை எடுத்து, தொட்டிக்கு நேர் மேலே, குதிரையின் வாய் உயரத்துக்குக் கம்பியில் நார் போட்டுக் கட்டினேன். யாராவது பார்த்தால் அங்கிருந்து தின்றதாகத் தெரிய வேண்டும். மார்கீஸ் என் தோளில் மூக்கை உரசியது. சாணத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குதிரை வண்டியோடு இறக்கத்தில் போகும்போது விழுந்தது என்று பிற்பகல் கேள்விப்பட்டேன். வண்டி கவிழ்ந்து, சலவைத்துறைச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவர் சிக்கிக்கொண்டாராம். மாலைவரை உயிர் இருந்திருக்கிறது. குதிரையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். கால்நடை மருத்துவர் அதன் வயிற்றில் ஈஃப் இலையைக் கண்டுபிடித்ததும் நீங்கள் லாயத்துக்கு வந்தீர்கள், கிளையைப் பார்த்தீர்கள், ஸெலி ஒப்புக்கொண்டாள்.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். குற்ற உணர்ச்சி அது இது என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெண் ஊர்முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "நான்தான் கட்டுனேன், என் கையாலேயே அவரைக் கொன்னுட்டேன்" என்று கோயிலில், ரொட்டிக் கடையில், தெருவில். உயரத்தில் மாட்டியது அவளுக்கே நினைவில்லை. தாழ இருந்ததைக் காட்டியதும், அப்படியானால் நான்தான் தாழக் கட்டியிருப்பேன் என்று ஏற்றுக்கொண்டாள். எதையும் ஏற்றுக்கொள்கிற ஜென்மம். சாப்பிடுவதில்லையாம். ஊரே சூப்பும் கையுமாக அவள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு குளிர்காலம் யோசித்து, மண் பார்த்து, ரகம் பார்த்து, வேர்பிடிக்கக் காத்திருந்து செய்த காரியம். அதை இவள் கைத்தவறு என்று முடித்துவிடுவீர்களா? அந்தக் கிளையை நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். எடுத்து முடிச்சைப் பாருங்கள். கொடிக்குப் போடுகிற இரட்டைச் சுற்று முடிச்சு, நார் நுனி உள்ளே மடித்தது. என் தோட்டத்தில் ரோஜாக்கொடி அத்தனையும் அப்படித்தான் கட்டியிருக்கும். ஸெலிக்குச் செருப்பு வாரே ஒழுங்காகக் கட்டத் தெரியாது.

ஃபெரியோல் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. இறக்கமும் வண்டியும் சுவரும் நான் வைத்ததல்ல. அன்று அவர் சந்தைக்குப் போவார் என்று தெரியும்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் என் கணக்கு குதிரை மட்டும்தான். அது செத்துக் கிடக்கும்போது தெருவைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் நின்று, விடுங்கள், குதிரைதானே, ஒன்று போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்பதற்கு இருக்கவில்லை. பொறுமை இல்லாத மனுஷன், எப்போதும் அப்படித்தான்.

அன்செல்ம் உங்களிடம் ஏதோ சொன்னதாகச் சொல்கிறீர்கள். சந்தையில் அந்த வியாபாரியிடம் வாங்கிய செடியெல்லாம் நோயோடுதான் வந்தது, வாங்கிய எல்லா வீட்டிலும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது, ஃபெரியோலின் கத்தரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. கிணற்று மூலையில்தானே முதலில் தெரிந்தது என்கிறீர்கள். நர்சரிக்காரன் பேச்சு அது. அவனுக்கு எதிரி சந்தை. அந்த இரண்டு செடியை நான் என் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன். நான் வாங்கியதில் நோய் இருக்காது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஈஃப் வேலிக்குக் கோடை முடிவதற்குள் இன்னொரு வெட்டு வேண்டும், இல்லாவிட்டால் உருக்குலைந்துவிடும். யாரையாவது அனுப்புங்கள், யாராக இருந்தாலும் சரி. கேட்டருகே கிண்ணமும் துணியும் இருக்கும். கத்தரியைத் துடைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். இந்த ஊரில் எந்த உயிர் போனாலும், அது கவனம் இல்லாதவர்களால்தான் போகிறது.